காலைப் பிடிங்கடி

மங்கையர்க்கரசி தொடர்ந்து நான்கு முறை பாடிப் போய், நான்கு முறையும் புள்ளியோடு திரும்பி வந்த சாயங்காலத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கபடியில் அப்படி நடப்பதில்லை. இரண்டு காலும் ஒழுங்காக இருந்த நாட்களிலேயே அவளுக்கு அப்படி நடந்ததில்லை. ஏழு பேர் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குள் ஒற்றை ஆளாய்ப் போய், மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே ஒருத்தியையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். நாலில் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். மாட்டவே இல்லையென்றால் எங்கேயோ கோளாறு.

அந்தமானின் பெரார்கஞ்சில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் மூன்றரைக்கே பயிற்சியை ஆரம்பித்துவிடுவார்கள். பாக்கு உரிக்கும் ஷெட்டில் மூன்று மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, மங்கையும் அவள் சிநேகிதி ஷீலாவும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அன்று ஐந்தாவது தடவை பாடிப் போனபோது மங்கை வேண்டுமென்றே மெதுவாகப் போனாள். மூலையில் நின்ற பானுவின் கைக்கெட்டும் தூரத்தில் தன் வலது காலைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்ததை எடுக்கவில்லை. பானுவுக்குப் பத்தொன்பது வயது. கணுக்காலைப் பிடிப்பதில் அந்த அணியிலேயே கெட்டிக்காரி. அவளுடைய கை பாதி தூரம் வந்தது. அப்புறம் சூடு பட்டதுபோல் பின்னால் போய்விட்டது.

மங்கை பாட்டை நிறுத்தினாள்.

"ஏன்டி பிடிக்கல?"

"ஸ்லிப் ஆயிருச்சுக்கா."

"நான் நின்னுக்கிட்டில்ல இருந்தேன். நிக்கிற கால் எப்படிடி ஸ்லிப் ஆகும்?"

பானு கோட்டுக்கு வெளியே நின்ற பொன்னுத்துரை சாரைப் பார்த்தாள். மங்கை ஷீலாவைப் பார்த்தாள். ஷீலா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னுத்துரை அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. நல்ல மனுஷர். மறைக்கத் தெரியாதவர்.

"நான்தான் சொன்னேன் புள்ள," என்றார். "உன் வலது கால ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எப்போலேருந்து?"

"நீ திரும்பி வந்த நாள்லேருந்து."

ஆறு வாரம். ஆறு வாரமாக அவள் தினமும் ஜெயித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், "கால் பழையபடி ஆயிருச்சு, இன்னிக்கு மூணு பாயிண்ட்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ஏழு பேர் அவளுக்காக அசையாமல் நின்று கொடுத்த பாயிண்ட்! அவமானமா, கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அந்தக் காலைப் பற்றி பெரார்கஞ்சில் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜூலையில், நடவு முடித்துவிட்டு அவளும் ஷீலாவும் வயலை ஒட்டின கிரீக்கில், அந்த உப்பங்கழியில், மண்வெட்டியையும் காலையும் கழுவ இறங்கினார்கள். முழங்கால் தண்ணீர்கூட இல்லை. சேற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து முதலை அவளுடைய வலது காலைக் கவ்வியது. ஒரே இழுப்பில் அவள் மல்லாந்தாள். இரண்டாவது இழுப்பில் தலை தண்ணீருக்குள் போயிற்று. ஷீலா அவள் கையைப் பிடித்து ஒரு கையால் இழுத்துக்கொண்டே, இன்னொரு கையில் இருந்த மண்வெட்டியால் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ, அது விட்டுவிட்டுப் போயிற்று. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். எலும்புக்குள் தகடு. ஆடுசதையில் ஒரு கைப்பிடி அளவு சதை இல்லவே இல்லை. அந்த இடம் குழிந்து, ஓரமெல்லாம் நெளிநெளியாய்த் தைத்திருந்தது.

கால் நடந்தது. ஒரு வருஷத்தில் ஓடவும் ஓடியது. ஆனால் யாராவது அதைத் தொட்டால் போதும். பஸ்ஸில் ஒரு பெங்காலிக் கிழவி மீன் கூடையை அவள் காலோரம் தள்ளிவைத்தபோது, மங்கை கத்திக்கொண்டு இறங்கி நடுரோட்டில் நின்றாள். தூக்கத்தில் புருஷனின் கால் பட்டால் எழுந்து சுவரோரமாய் உட்கார்ந்துவிடுவாள். குளிக்கும்போது வாளியிலிருந்து தண்ணீரைக் கணுக்காலில் ஊற்றும் அந்த ஒரு நொடியைத் தாண்டுவதற்குத் தினமும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கபடி என்பதே காலைப் பிடிக்கிற ஆட்டம். அதற்குப் போயே தீருவேன் என்று அவள் நின்றபோது ஊரே தலையில் அடித்துக்கொண்டது. பதினாலு வயதிலிருந்து ஆடிய ஆட்டம். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் அந்த முதலைக்கே கொடுத்துவிட்டு வர அவளுக்கு மனசில்லை.

இப்போது மைதானத்தின் நடுவில் நின்று மங்கை கத்தினாள்.

"காலைப் பிடிங்கடி!"

யாரும் அசையவில்லை.

"பிச்சை போடுறீங்களா எனக்கு? பானு, நீ பிடி. நான் பாடி வர்றேன், பிடி."

"மங்கை, வேணாம்," என்றார் பொன்னுத்துரை.

"சார், நீங்க பேசாதீங்க."

நடுக்கோட்டுக்குப் போய்த் திரும்பிப் பாடிக்கொண்டு வந்தாள். நேரே பானுவின் மூலைக்கு. பானு உதட்டைக் கடித்துக்கொண்டு பாய்ந்து, இரண்டு கையாலும் கணுக்காலைக் கவ்விக்கொண்டாள். நல்ல பிடி.

அதற்குப் பிறகு நடந்தது மங்கைக்குத் துண்டு துண்டாய்த்தான் ஞாபகம் இருந்தது. முதலில் சத்தம் போயிற்று. மைதானத்தின் கூச்சல், ரோட்டில் போன லாரி, தன் பாட்டு, எல்லாமே யாரோ மூடி போட்டதுபோல் அடங்கிவிட்டன. காதுக்குள் தண்ணீர். அப்புறம் அவள் கால் எதையோ உதைத்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. திரும்பச் சத்தம் வந்தபோது அவள் மைதானத்தின் ஓரத்தில், கோல்போஸ்ட் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. முழங்கையெல்லாம் சிராய்த்திருந்தது. அங்கே மண்ணில் உட்கார்ந்திருந்த பானுவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றார் பொன்னுத்துரை. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை. "நீ மேனேஜரா வா புள்ள. டீமோட கூடவே இரு. ஸ்கோர் எழுது. போர்ட் பிளேர் போட்டிக்கும் கூட்டிட்டுப் போறேன்."

அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மங்கை பானுவின் வீட்டுக்குப் போனாள். மூக்கு உடையவில்லை, ஆனால் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மங்கை வாசலில் நின்றபடியே, "என்னை மன்னிச்சிருடி," என்றாள்.

"அக்கா, நான் பிடிச்ச பிடி எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"பிடி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப சரி. உள்ள வாங்க, சாய் குடிங்க."

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவுதான்.

அன்று காலை முழுக்க ஷெட்டில் அவளும் ஷீலாவும் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பாக்கை உரித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சோற்றுக்கு மற்றவர்கள் எழுந்து போன பிறகு மங்கைதான் ஆரம்பித்தாள்.

"நீயுமாடி எனக்குச் சும்மா நின்னே?"

ஷீலாவின் கை நின்றது. "மத்தவங்க சார் சொன்னாருன்னு பிடிக்கல. நான் அதுக்காக இல்ல."

"பின்ன?"

"என்னால முடியலடி. உன் கால் கிட்ட என் கை போனாலே எனக்கு அந்த நாள் வந்துருது. ஒரு பக்கம் நான் இழுக்கிறேன், இன்னொரு பக்கம் அது இழுக்குது. உன் கை வழுக்குது." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ராத்திரி பகல்னு இல்ல, இப்பவும் திடீர்னு கை வழுக்கும். சட்டியைக் கீழ போட்டுருவேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? கடி வாங்கினவ நீ."

மங்கைக்கு இது புதுசு. இரண்டு வருஷமாக ஊரெல்லாம் அவள் காலைத்தான் விசாரித்தது. ஷீலாவின் கையைப் பற்றி அவள்கூடக் கேட்டதில்லை.

"நான் கத்தினேனா?" என்று மங்கை கேட்டாள். "அன்னிக்கு?"

"கத்தினியாவா? அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும். நீ கத்தினவரைக்கும் எனக்குப் பயமே இல்ல தெரியுமா? உள்ள போனே பாரு, சத்தம் பட்டுனு நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு."

மங்கை உரித்த பாக்கைக் கையில் வைத்தபடியே யோசித்தாள்.

"எனக்கும் அதான்டி. கால்ல வலி வர்றதுக்கு முன்னால சத்தம் போயிருது. பஸ்லயும் அப்படித்தான், நேத்தும் அப்படித்தான். காது அடைச்சதும் நான் தண்ணிக்குள்ள இருக்கேன்." கையிலிருந்த பாக்கைப் போட்டுவிட்டு, "தண்ணிக்குள்ள கபடி பாட முடியுமா?" என்றாள்.

"என்னது?"

"பாட முடியாதில்ல? வாயத் திறந்தா தண்ணி போயிரும். அப்போ பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா நான் தரையில இருக்கேன்னுதானே அர்த்தம்? நான் எப்பவும் வாய்க்குள்ளேயே முணுமுணுன்னு பாடுவேன், மூச்சு மிச்சம் பிடிக்க. அது எனக்கே கேக்காது. கத்திப் பாடினா?"

"மூச்சு சீக்கிரம் தீர்ந்துருமேடி."

"தீரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷீலா வீட்டுக் கொல்லையில், வாழைகளுக்கு நடுவில், இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். மங்கை நின்றுகொண்டு உரக்கப் பாடுவாள். ஷீலா குந்தி உட்கார்ந்து அவள் கணுக்காலில் ஒரே ஒரு விரலை வைப்பாள். பாட்டு நின்றால் விரலை எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் ஒப்பந்தம். முதல் தடவை விரல் பட்டதும் பாட்டு நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. பத்தாவது தடவையில் மூன்று "கபடி" வரைக்கும் போயிற்று. நடுவில் ஷீலா கையை உதறிக்கொண்டு எழுந்து போய் அழுதுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "க்யா ஹோ ரஹா ஹை?" என்று இந்தியில் கேட்டாள், என்னதான் நடக்கிறதென்று. "கபடி!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். தலை உள்ளே போய்விட்டது.

ஒரு விரல் இரண்டு விரலாகி, ஒரு கையாக ஒன்பது நாள் ஆயிற்று. எல்லா நாளும் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. ஆறாம் நாள் மங்கை வாழைத்தாருக்கு அடியில் வாந்தி எடுத்தாள். ஏழாம் நாள் வரவே இல்லை. எட்டாம் நாள் வந்து, "நேத்து வரலைன்னு எதுவும் கேக்காத, பிடி," என்றாள்.

புருஷன் ரவிச்சந்திரன் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் சீக்கிரமாகவே வண்டியைக் கொண்டுவந்தவன் அவளைத் தேடிக் கொல்லைக்கே வந்துவிட்டான். மனைவி கண்ணில் தண்ணீர் வழிய, கை முஷ்டியெல்லாம் இறுகி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பதையும், ஷீலா அவள் காலைக் கட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தான்.

"போதும், விடு!" என்று ஷீலாவை அதட்டினான். "பைத்தியமா ரெண்டு பேருக்கும்? எதுக்கு மங்கை இந்த வம்பு? கபடி ஆடலைன்னா சோறு இறங்காதா? நான் ஏதாவது குறை வச்சிருக்கேனா?"

ஷீலா கையை எடுக்கவில்லை. பாட்டு நிற்கவில்லையே. மங்கை மூச்சுத் தீரும்வரை பாடிவிட்டு, குனிந்து இரைத்துவிட்டு, பிறகுதான் அவனுக்குப் பதில் சொன்னாள்.

"நீங்க ஒரு குறையும் வைக்கல. ஆனா கேளுங்க. முதலை என்னை ஒரு தடவைதான் பிடிச்சுது. நீங்க எல்லாரும் சேர்ந்து தினம் பிடிச்சு வச்சிருக்கீங்க. அங்க போகாதே, இங்க நிக்காதே, அவளத் தொடாதே. ரெண்டு வருஷமா நான் இன்னும் அந்த கிரீக்லதான் கிடக்கேன். நான் கரைக்கு வரணும்."

"உனக்கு ஏதாவது ஆயிருமோன்னுதான்..."

"ஆகட்டும். ஆனா அது எனக்கு ஆகட்டும்."

அவன் வாழைமரத்தடியில் கிடந்த அவளுடைய செருப்பை எடுத்து வரப்பில் சேறு படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, "வண்டியில இருக்கேன், முடிச்சிட்டு வா," என்று போனான்.

திங்கட்கிழமை மங்கை மைதானத்துக்குப் போனாள். பொன்னுத்துரை அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த ஸ்கோர் நோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"சார், என் காலைத் தொடாதேன்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். தொடுன்னு சொல்றதும் நான்தான். இனிமே யாரும் எனக்குத் தெரியாம எனக்காக எதையும் முடிவு பண்ணக் கூடாது. பயிற்சியில என் பாட்டு நின்னா கையை எடுங்க. பாட்டு நிக்காதவரைக்கும் விடவே கூடாது, நான் அழுதாலும் சரி."

"இன்னொரு புள்ளைக்கு அடிபட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

"பானு," என்று மங்கை கூப்பிட்டாள், "பயமா இருக்கா?"

"இருக்குக்கா," என்றாள் பானு, மூக்கைத் தடவிக்கொண்டே. "முகத்தைத் தள்ளி வச்சுப் பிடிச்சுக்கிறேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பொன்னுத்துரையும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் செஞ்சது தப்புத்தான் புள்ள," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "கேட்டிருக்கணும்."

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் மங்கை எத்தனையோ தடவை மாட்டினாள். பாதித் தடவை பாட்டு நின்றது, கைகள் உடனே விலகின. மீதித் தடவை நிற்கவில்லை. ஒருநாள் மழை பெய்து மைதானத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. பிடித்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் காலில் தெறித்ததும் அவள் எழுந்து, "இன்னிக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

போட்டி நாளன்று அவள் முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்கால் சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். "டிராக் பேன்ட் போட்டுக்கயேன்," என்று ஷீலா சொல்லிப் பார்த்தாள். "ஏன், கால் அசிங்கமாவா இருக்கு?" என்று மங்கை கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

எதிர் அணி போர்ட் பிளேர். அவர்கள் மூலையில் நின்ற பெண்ணின் பெயர் ஆசியா. மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, தலையை இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி. கண் மட்டும் எதிராளியின் காலைவிட்டு நகர்வதே இல்லை. கூட்டம் அவள் பெயரைச் சொல்லி, "பைர் பக்டோ, பைர் பக்டோ!" என்று கத்தியது. காலைப் பிடி, காலைப் பிடி என்று நூறு பேர் சேர்ந்து கத்துவதைக் கேட்டு மங்கை குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். இங்கே பாட்டு நின்றால் யாரும் கையை எடுக்கப் போவதில்லை. இங்கே ஒப்பந்தம் ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு தடவை ஓரமாகப் போய்த் தப்பித்து வந்தாள். மூன்றாவது தடவை திரும்பும்போது பின்காலை எடுக்க அரை நொடி தாமதமாயிற்று. ஆசியா தரையோடு தரையாகப் பாய்ந்தாள். வலது கணுக்கால். தையல் போட்ட இடத்துக்குச் சரியாகக் கீழே.

சத்தம் போகத் தொடங்கியது. மூடி விழப் போகிறது என்று தெரிந்தது. மங்கை தொண்டையைத் திறந்தாள். "கபடி!" அது பாட்டே இல்லை, அலறல். நடுவர்கூடத் திடுக்கிட்டு அவள் வாயையே பார்த்தார். "கபடி! கபடி! கபடி!" வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். முகம் தரையில் அழுந்தியது. வாய்க்குள் வந்தது மண்தான், தண்ணீரில்லை. நடுக்கோடு இரண்டு முழத் தூரத்தில் தெரிந்தது. கையை நீட்டினாள். எட்டவில்லை. மூச்சுத் தீர்ந்தது. விசில்.

அவுட். எழுந்து தன் காலாலேயே நடந்து வெளியே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பொன்னுத்துரை பக்கத்தில் வந்து குந்தினார். "மாத்தி ஆள் இறக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டார், சொல்லவில்லை.

"வேணாம் சார்." இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நடுங்கும். நடுங்கட்டும். அது பாட்டுக்கு நடுங்கிட்டுப் போகட்டும், நான் பாட்டுக்கு ஆடுறேன்."

உள்ளே பானு எதிரணிக்காரி ஒருத்தியின் காலைப் பிடித்துக் கவிழ்த்ததும், அவுட்டான மங்கைக்கு மறுபடி உள்ளே போக முறை வந்தது. ஆட்டம் முடிய நான்கு நிமிஷம். பெரார்கஞ்ச் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. ஷீலா அவள் காதோரம், "அந்த மூலைப் பக்கம் போகாதடி, இந்தப் பக்கம் வீக்," என்றாள்.

மங்கை கேட்டுக்கொண்டாள். ஆனால் நேரே ஆசியாவிடம் போனாள். ஏன் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. போகாமல் விட்ட இடங்கள் ஏற்கெனவே ரொம்பச் சேர்ந்துபோயிருந்தன என்று மட்டும் சொன்னாள். வலது காலை நீட்டி ஆசியாவின் தோளைத் தொட்டாள். தொட்ட காலையே ஆசியா பிடித்துக்கொண்டாள். நடுவில் நின்ற ஒருத்தி இடுப்பைச் சுற்றி வளைத்தாள். மூன்றாவது ஆள் தோளில் தொங்கினாள். மங்கை பாடினாள். கூட்டம் கத்தியது கேட்டது. ஷீலா, "இழு மங்கை, இழு!" என்று கத்தியதும் கேட்டது. எல்லாமே கேட்டது. உதைக்கக் கூடாது, இழுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு அவகாசம் இருந்தது. மூன்று பேரையும் சேர்த்து, ஒரு முழம், அப்புறம் இன்னொரு அரை முழம் என்று தரையைப் பிறாண்டி இழுத்துக்கொண்டுபோய், மூன்று விரல் நுனியைக் கோட்டில் வைத்துவிட்டுத்தான் பாட்டை விட்டாள்.

மூன்று புள்ளி. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்படியும் பெரார்கஞ்ச் தோற்றது. இரண்டே புள்ளி வித்தியாசம். பொன்னுத்துரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பானு அழுதாள். மங்கை குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். வலித்தது. வலி மட்டும்தான் இருந்தது.

ஆசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்துக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, கசம்சே, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. தழும்பைப் பாத்துட்டு ஏதோ பைக் ஆக்சிடெண்ட்னு நெனச்சேன். இப்பத்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா அந்தக் கால நான் தொட்டே இருக்க மாட்டேன். மாஃப் பண்ணிருங்கக்கா."

"ஏய்," என்றாள் மங்கை. "தெரிஞ்சிருந்தாலும் நீ பிடிச்சுத்தான் இருக்கணும். இன்னிக்கு முழுக்க என்னை ஆட்டக்காரியா நெனச்சது நீ ஒருத்திதான். அதையும் கெடுத்துறாத."

ஆசியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ரெண்டாவது தடவை உன் பிடி சரியில்ல. இடது கை மேல ஏறிருச்சு. அதான் வழுக்கிட்டு வந்துட்டேன்."

"இல்லக்கா, இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன்."

"எங்க இறுக்கினே? குதிகாலுக்கு மேல, இந்த எலும்போட சேத்துப் பிடிக்கணும். உக்காரு இப்படி."

ஆசியா தரையில் உட்கார்ந்தாள். மங்கை ஐஸ் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலது காலை அவள் மடிக்கு நேராக நீட்டினாள். அந்தப் பெண் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை வரவில்லை. ஸ்டேடியம் வாசலிலிருந்து பொன்னுத்துரை, வண்டி கிளம்பப் போகிறது என்று கூப்பிட்டார்.

"ரெண்டு நிமிஷம் சார்!" என்று மங்கை திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். பிறகு ஆசியாவிடம், "ம், பிடி. அடுத்த வருஷம் நான் வரும்போது இந்தத் தப்பை வச்சுக்கிட்டு நிக்காத," என்றாள்.